லெபெனே சாகிற அத்தியாயம்

ஐந்தரைக்கு எழுந்தேன். முற்றத்தைப் பெருக்கினேன். மாவிலைகள்தான் அதிகம். இரண்டு வாளி தண்ணீர் பிடித்து, ஒன்றில் குளித்தேன். கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மனைவி இறந்தால் ஒரு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும் என்பது மாமியார் வீட்டு வழக்கம். எனக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. தெருமுக்கில் சோளக்கஞ்சியும் இரண்டு காராமணி வடையும் வாங்கினேன். கஞ்சிக்கார அம்மா கொஞ்ச நாள் எனக்கு ஒரு வடை கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது போடுவதில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தேன்.

கோப்பையில் என் மனைவி டெலாலியின் படம். அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததில் மிஞ்சியவை அலமாரி நிறைய இருக்கின்றன. படத்துக்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்னதை அச்சடித்திருந்தோம்.

“அழாதே. நான் போய்விடவில்லை. நீ வருவதற்குள் விளக்கேற்றி வைக்க முன்னால் போகிறேன்.”

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். கதவைப் பூட்டினேன். அன்று சனிக்கிழமை, மாவுசியின் புத்தகம் வெளிவருகிற நாள்.

மாவுசி என் மனைவியின் தோழி. விடுதிப் பள்ளியில் ஒரே இரும்புக் கட்டிலில் மேலும் கீழும் படுத்தவர்கள். அங்கே மேல் கட்டிலில் எழுத ஆரம்பித்தது பிறகு ‘மூழ்கிய ஊர்’ என்று மூன்று பாகமாக வளர்ந்தது. வோல்ட்டா ஆற்றில் அணை கட்டி ஏரி உண்டானபோது தண்ணீருக்குள் போன ஓர் ஊர். அங்கே இறந்தவர்கள் இன்னும் சந்தை நடத்துகிறார்கள். அக்பேனே என்கிற பெண் படகிலிருந்து குதித்து அந்தச் சந்தைக்குப் போய்வருகிறாள். படகைப் பிடித்துக்கொண்டு மேலே காத்திருப்பவள் அவள் தோழி லெபெனே. நாட்டில் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள எந்தப் பெண்ணைக் கேட்டாலும் மீதியைச் சொல்வாள்.

லெபெனேவுக்கு டெலாலியின் நோய். இரத்தத்தில் அரிவாள் செல். மழை பெய்தால், குளிர்ந்தால், சில நேரம் ஒன்றுமில்லாமலே, எலும்புக்குள் வலி வரும்.

“எல்லாக் கதையிலயும் எங்க ஆளு முதல் பாதியிலயே செத்துருவா. இவ ரெண்டு பாகம் தாண்டிட்டா, பாத்தியா?” என்பாள் டெலாலி. பெருமையாகச் சொல்வாள், ஏதோ தன் சொந்தத் தங்கை பரீட்சை எழுதித் தேறியதுபோல.

இரண்டாம் பாகம் லெபெனே படகிலிருந்து விழுவதோடு முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடம் மாவுசி எதுவும் வெளியிடவில்லை. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், கையில் இருக்கிற தாள்களைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்பாள். டெலாலி இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

“புக்கா வரட்டும். கடையில காசு குடுத்து வாங்கித்தான் படிப்பேன். ஓசியில கேக்க மாட்டேன்.”

“எழுதினவளே எதிர்ல உக்காந்திருக்கேன்டி.”

“எழுதினவ போய் எழுது.”

அவளுக்குப் புத்தகம் வாங்குவதில் ஒரு முறை இருந்தது. முதல் நாளே வாங்க வேண்டும். பின்னட்டையைப் படிக்கக் கூடாது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு, கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் தனியாக ஒரு ரப்பர் பேண்ட் மாட்ட வேண்டும், கை தவறிக்கூட அங்கே திறந்துவிடாமலிருக்க. முதல் அத்தியாயத்தை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். மீதியை எனக்குத் தர மாட்டாள், அவள் முடிக்கும் வரை.

அதனால் அன்று காலை என் சட்டைப்பையில் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது.

ஹோ நகரத்தில் பெரிய தேவாலயத்தின் பின்னால் உள்ள மண்டபம். நான் போனபோது ஏழரை மணி. வாசலில் சீருடையில் பெண்கள் வரிசை ட்ரோட்ரோ வேன் நிறுத்தம் வரை நின்றது. எட்டோர்னம் முதல் பத்துப் பேரில் நின்றாள். டெலாலியின் தங்கை. பதினாறு வயது. விடுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“அத்தான்! இங்க, இங்க! உங்களுக்கு இடம் புடிச்சு வச்சிருக்கேன்.”

“ஏய், இடையில நுழையாதீங்க பெரியவரே,” என்றாள் பின்னால் ஒருத்தி.

“அவரு பெரியவர் இல்லடி, எங்க அத்தான்.”

“அத்தானா இருந்தா? வயசுப் பொண்ணுங்க படிக்கிற புக்கு இவருக்கு எதுக்கு?”

என் சட்டையின் நிறத்தை அப்போதுதான் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டாள்.

“விடுதியில என்ன சொல்லிட்டு வந்த?” என்று எட்டோர்னத்திடம் கேட்டேன்.

“பல் வலின்னு.”

“எந்தப் பல்?”

“அத யாரு கேட்டா?”

உள்ளே விட்டார்கள். எங்கள் ஊரில் புத்தகம் சும்மா வெளிவராது. முதலில் பாஸ்டர் ஜெபம் செய்தார். எழுதிய கைக்காக, அச்சடித்த கைக்காக, படிக்கப் போகும் கண்களுக்காக. ஜெபம் நீண்டது. “ஆமென் சொல்ற மாதிரி சொல்லிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாருடி,” என்று எனக்குப் பின்னால் யாரோ முனகினாள். பிறகு நான்கு பெண்கள் ஆடிக்கொண்டே ஒரு கூடையைத் தூக்கி வந்தார்கள். கூடைக்குள் கெண்டே துணியில் சுற்றிய புத்தகம். அதைப் பிரிக்க ஒரு சிமெண்ட் வியாபாரியை அழைத்திருந்தார்கள். முதல் பிரதியை ஊரறிய ஏலம் எடுப்பவர் அவர்தான்.

“நான் இந்த மாதிரிக் கதையெல்லாம் படிச்சது கிடையாது,” என்றார் மைக்கில். “ஆனா ஒரு மாசமா என் மக பாத்திரம் கழுவல. கேட்டா, லெபெனேவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம கை ஓடலங்குறா. அதனால இந்தப் புத்தகத்த என்ன விலைக்கும் வாங்குவேன். என் வீட்டுல பாத்திரம் கழுவியாகணும்.”

மண்டபம் கூத்தாடியது. மேடையில் மாவுசி சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை உடை, தலையில் நீலத் துணி. நன்றாக இருந்தாள். என்னைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தாள். நானும் தலையசைத்தேன்.

இரண்டு பிரதி வாங்கினேன். எட்டோர்னத்துக்கு ஒன்று. எனக்கு ஒன்று, இல்லை, டெலாலிக்கு ஒன்று. மண்டபத்தின் பக்கவாட்டுப் படிகளில் பெண்கள் ஏற்கெனவே உட்கார்ந்து படிக்கத் தொடங்கியிருந்தார்கள். வீடு போகும் வரை ஒருத்திக்கும் பொறுமை இல்லை. நாங்களும் உட்கார்ந்தோம். புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். மையும் பசையும். பின்னட்டையைப் பார்க்காமல் கவிழ்த்து, கடைசி அத்தியாயத்தைத் தனியே பிரித்து ரப்பர் பேண்டை மாட்டினேன்.

“அக்கா மாதிரியே பண்றீங்க,” என்றாள் எட்டோர்னம்.

“நீயும் மாட்டிக்க.”

“எனக்கு வேணாம். எனக்கு முடிவு தெரிஞ்சாதான் நிம்மதியா படிக்க முடியும்.”

முதல் அத்தியாயத்தை மெதுவாகப் படித்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும். எதிரே இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள். லெபெனே தண்ணீருக்குள் விழுந்துகொண்டே இருக்கிறாள். அவளைச் சுற்றி மீன்கள் விலகுகின்றன. கீழே சந்தையில் ஒரு கிழவி தக்காளியை அடுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறாள், “சீக்கிரமா வந்துட்டியே, திரும்பிப் போ,” என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாக எழுதியிருந்தாள். இரண்டாம் அத்தியாயத்துக்குப் போனேன். மூன்றாவதில் லெபெனே மூச்சு வாங்கிக்கொண்டு படகில் ஏறுகிறாள், பிழைத்துவிட்டாள். அவள் பிழைப்பாள் என்று டெலாலி என்னிடம் பந்தயம் கட்டியிருந்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எட்டோர்னம் கத்தினாள்.

படியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, எடுத்துப் பார்த்து, மறுபடி அணைத்தாள்.

“அத்தான், அக்கா! அக்கா இதுல இருக்கா!”

“என்னது?”

“லெபெனே சாகுறா அத்தான். சாகும்போது அக்கா சொன்னதையே சொல்றா. அப்படியே. ஒரு எழுத்து மாறல. படிங்க!”

“முடிவச் சொல்லாதடி பாவி!” என்று இரண்டு மூன்று பேர் காதைப் பொத்தினார்கள்.

அவள் நீட்டிய பக்கத்தைப் படித்தேன். படகில் பாயில் லெபெனே படுத்திருக்கிறாள். அக்பேனே அவள் கையைப் பிடித்திருக்கிறாள். விடிகிறது. லெபெனே சொல்கிறாள்: “அழாதே. நான் போய்விடவில்லை. நீ வருவதற்குள் விளக்கேற்றி வைக்க முன்னால் போகிறேன்.”

“அப்ப லெபெனே உங்க அக்காவா?” என்று எதிரே இருந்த பெண் எட்டோர்னத்திடம் கேட்டாள். குரலே மாறிவிட்டது.

“எங்க அக்காதான். எங்க சொந்த அக்கா. மாவுசி அக்காவோட ஒரே ரூம்ல இருந்தவ. இவரு அவ வீட்டுக்காரரு.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்து வந்து தங்கள் புத்தகத்தில் என் கையெழுத்தைக் கேட்டார்கள். எட்டோர்னம் அழுதுகொண்டே சிரித்தாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

டெலாலி இறந்தபோது நான் மருத்துவமனை அறையில் இல்லை. இரத்தம் வேண்டும், சொந்தக்காரர்கள் கொடுத்தால்தான் மாற்றித் தருவோம் என்றார்கள். கீழே போய்ப் படுத்துக் கை நீட்டினேன். என் கையில் ஊசி இருந்தபோது மேலே அவள் போய்விட்டாள். மாவுசிதான் கூட இருந்தாள். பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டு நான் மாடி ஏறியபோது வராந்தாவில் நின்றாள். ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். “சொன்னா. எழுதித் தர்றேன்,” என்றாள்.

அடக்கத்துக்கு அச்சடிக்கிற புத்தகத்தில் கணவனின் அஞ்சலி என்று ஒரு பக்கம் உண்டு. அதை நான் எழுத வேண்டும். பேனாவை எடுத்து உட்கார்ந்தேன், அவள் பெயருக்கு மேல் போகவில்லை. கடைசியில் மாவுசியே என் பெயரில் எழுதினாள். இங்கே பலருக்கும் அப்படி யாராவது எழுதிக் கொடுப்பதுதான், யாரும் தவறாக நினைப்பதில்லை. முடிவில் அந்த வாக்கியம் இருந்தது. “இதத்தான் சொன்னாளா?” என்று கேட்டேன். “இதத்தான்,” என்றாள். தேவாலயத்தில் நின்று படித்தேன். ஆண்களே அழுதார்கள். பிறகு அது கோப்பைக்குப் போனது, மாமியார் வீட்டுச் சுவருக்குப் போனது. வருட நினைவுக்குத் திறக்க வேண்டிய கல்லறைக் கல்லில் போன வாரம் செதுக்கி முடித்தார்கள்.

எனக்கென்று அவள் விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் கீழே படுத்திருந்தபோது, கூட இருந்தவளிடம் எனக்காகக் கொடுத்தனுப்பியது. அது இப்போது அடுக்கடுக்காக மேசைமேல் விற்றுக்கொண்டிருந்தது.

கையெழுத்து வரிசை கரையும் வரை காத்திருந்தேன். எட்டோர்னம் முன்னால் போனாள். மாவுசி அவளை எழுந்து கட்டிக்கொண்டாள்.

“படிச்சிட்டியா அதுக்குள்ள?”

“அந்த அத்தியாயம் மட்டும். அக்கா... அக்காவப் போட்டிருக்கீங்க.”

மாவுசி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். நான் தலைகீழாகப் படித்தேன். ‘எட்டோர்னத்துக்கு, உன் அக்காவின் சொற்களோடு.’

எட்டோர்னம் மை காய ஊதினாள். “அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்றேன்,” என்று வெளியே ஓடினாள். மண்டபத்தில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“வா சென்யோ. உக்காரு,” என்றாள் மாவுசி. “உன் புக்கக் குடு.”

கொடுக்கவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“எதுக்கு?”

“அந்த வரிக்கு.”

“கோவமா? இது அவளுக்கு மரியாததான சென்யோ. இனி எத்தனையோ புள்ளைங்க வாயில அவ இருப்பா.”

“அவ என்ன எத்தனையோ புள்ளைங்களுக்கா சொன்னா? எனக்குச் சொன்னா. உன்கிட்ட குடுத்தனுப்புனா. நீ பாதி வழியில வித்துட்ட.”

“அப்படிப் பேசாத.”

“செத்தவ சொன்னத எடுத்து உன் கதையில ஒட்டிக்கிட்ட. அதுக்குப் பேரு என்ன? சொல்லு, நீதான எழுத்தாளர்.”

“திருடின்னு சொல்றியா?”

“ஆமா.”

அவள் முகம் இறுகியது. பேனாவை மூடி மேசைமேல் அடித்து வைத்தாள்.

“நான் எவ வார்த்தையையும் திருடுறவ இல்ல. அந்த வரி என்னோடது. அவ சாகுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எழுதுனது. வேணும்னா பதிப்பாளரக் கேளு, அப்பவே அனுப்பிட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. வாயைக் கையால் மூடினாள்.

நாற்காலிகள் அடுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப அவ அத சொல்லல,” என்றேன்.

“சென்யோ...”

“நான் தேவாலயத்துல நின்னு படிச்சேன்.”

“அன்னைக்கு வராந்தால நீ எப்படி நின்னன்னு உனக்குத் தெரியாது. பஞ்சு கீழ விழுந்து கையில ரத்தம் வழியுது, அதுகூடத் தெரியாம, ஏதாச்சும் சொன்னாளா, ஏதாச்சும் சொன்னாளான்னு கேட்டுக்கிட்டே இருந்த. உனக்கு எதையாச்சும் குடுத்தாகணும்னு இருந்துச்சு. என்கிட்ட இருந்ததுலயே நல்லது அதுதான். எடுத்துக் குடுத்துட்டேன்.”

“அப்புறம் புக்குலயும் வச்சுக்கிட்ட.”

“எடுத்துடலாம்னு பாத்தேன். எடுத்தா அந்த அத்தியாயமே நிக்கல.”

“கல்லுல செதுக்கியாச்சு.”

“தெரியும். உன் மாமியார் படம் அனுப்புனாங்க.”

“நீ என்ன பதில் போட்ட?”

கீழே பார்த்தாள். “அழகா இருக்குன்னு.”

வாசலில் எட்டோர்னம் போனைத் தூக்கிக் காட்டினாள். “அத்தான், அம்மா! விஷயத்தச் சொன்னேன், அழுதுக்கிட்டே இருக்காங்க. சந்தோஷத்துல. பேசுறீங்களா?”

“அப்புறம் பேசுறேன்.”

“சீக்கிரம் வாங்க,” என்று போனில் எதையோ சொல்லிக்கொண்டே போனாள்.

“அவகிட்ட சொல்லப்போறியா?” என்றாள் மாவுசி.

“அவ ஏதும் பேசாமலேயே போயிட்டாளா?”

“இல்ல. பேசினா.”

“என்ன பேசினா?”

“வேணாம் சென்யோ. கேட்டு உனக்கு என்ன ஆகப்போகுது? உன்னப் பத்தி எதுவும் இல்ல அதுல.”

“பரவால்ல. சொல்லு.”

“கேட்டா ஆறுதலா இருக்காது.”

“ஆறுதலா இருக்கறத நீ ஏற்கெனவே குடுத்துட்ட. இப்ப அவ சொன்னதக் குடு.”

அவள் மேசைமேல் மிஞ்சியிருந்த புத்தகங்களின் ஓரத்தை நேராக்கினாள்.

“ஊசி போட்டதுல வலி கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு,” என்றாள். “நீ கீழ போனதும் என்னக் கூப்பிட்டா. கதை இருக்காடி கையிலன்னு கேட்டா. நாலு வருஷமா காதப் பொத்திக்கிட்டவ, தானா கேட்டா. இனிமே காத்திருக்க எனக்குப் பொறுமை இல்ல, லெபெனேவ என்ன பண்ணியிருக்க, சொல்லுன்னா. பொழச்சிட்டாடின்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தோணல. எத்தனையோ தடவ அந்த மாதிரி வலி வந்து எழுந்து வந்தவதானே. லேப்டாப்பத் தொறந்து அந்த அத்தியாயத்தப் படிச்சேன். முழுசா.”

“லெபெனே சாகுறத.”

“ஆமா. கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தா. அந்த வரி வந்தப்ப எனக்கே மேல படிக்க முடியல. நிறுத்திட்டேன். அவ கண்ணத் தொறந்து என்னப் பாத்தா. சிரிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. ஒண்ணு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. தூங்குறான்னு நெனச்சு, நான் உக்காந்து எழுத்துப் பிழை திருத்திக்கிட்டிருந்தேன்.”

“என்ன சொன்னா?”

மாவுசி என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்து, டெலாலியின் குரலிலேயே சொன்னாள். பள்ளி நாள் முதலே அவளுக்கு அந்தக் குரல் நன்றாக வரும்.

“சாகப்போறவ யாருடி இப்படியெல்லாம் பேசுவா? மாத்து, மாவுசி.”